குடலுக்கு ஒற்றன், கழிமுகத்துக்கு யார்?

அண்மை ஆண்டுகளில் இதழ்களின் அறிவியல் பக்கங்களைப் புரட்டியவர்களுக்குக் குடல் என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு கண்டமாகவே தோன்றியிருக்கும். வயிற்றுக்குள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், அவை உண்டாக்கும் வேதிப்பொருட்கள், அவற்றுக்கும் இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவு என்று கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றின் உச்சமாக ஒரு வாக்குறுதி இப்போது முன்வைக்கப்படுகிறது. மரபணுவை மாற்றியமைத்த பாக்டீரியாவை விழுங்கினால் போதும். அது குடலுக்குள் சென்று அங்குள்ள வேதிப்பொருட்களை உளவறிந்து, நோய் முற்றும் முன்பே நமக்குத் தெரிவித்துவிடும். வயிற்றுக்குள் ஓர் ஒற்றன்.

இந்த வாக்குறுதியோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மரபணுத் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டதுமே தீட்டுப்பட்டதுபோல் விலகி நிற்கும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தோடும் எங்களுக்குத் தனியே ஒரு வழக்கு உண்டு, அதற்குப் பிறகு வருவோம். எங்கள் முதல் கேள்வி எளியது. உணரியை எங்கே வைக்கிறீர்கள்? எவருடைய உடலை இயல்பென்று எடுத்துக்கொண்டு அதன் அளவுகோலைத் தீட்டியிருக்கிறீர்கள்? இக்கேள்வியைக் கேட்பதற்குப் பாஸ்டனையோ பெங்களூரையோவிடக் காட்டுப்பள்ளி பொருத்தமான இடம். அங்குள்ளவர்கள் தினமும் மீன் உண்கிறார்கள். அந்த மீன் வளரும் நீரில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைந்திருக்கிறது. குடலும் வேதிப்பொருளும் என்ற தலைப்புக்கு இதைவிட நேரான உதாரணத்தைச் சென்னைக்கு அருகில் எங்களால் காட்ட இயலாது.

முதலில் வித்தையைப் பார்த்துவிடுவோம், அது உண்மையிலேயே அழகானது. பாக்டீரியாவுக்குக் கண்ணும் காதும் கிடையாது. எனினும் தன்னைச் சுற்றியுள்ள வேதிப்பொருட்களை அறியாமல் அதனால் பிழைக்க முடியாது. அதன் உறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம், தனக்குரிய மூலக்கூறு வந்து ஒட்டியதும் சற்றே உருமாறி, உள்ளேயிருக்கும் இன்னொரு புரதத்திடம் செய்தியை ஒப்படைக்கிறது. அந்தப் புரதம் சென்று ஒரு மரபணுவின் பூட்டைத் திறக்கிறது. இயற்கையில் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது, வந்த பொருளை உண்ணவோ வெளியே தள்ளவோ உதவும் நொதிக்கான குறிப்பு. ஆய்வாளர்கள் பூட்டை அப்படியே விட்டுவிட்டு அறையை மாற்றிவிடுகிறார்கள். நொதி இருந்த இடத்தில், ஒளிரும் பாக்டீரியாக்களிலிருந்து எடுத்த ஒளிதரும் மரபணுக்களை வைக்கிறார்கள். பிறகு அந்த வேதிப்பொருள் வந்தால் பாக்டீரியா மினுங்கும். ஒளியின் அளவு பொருளின் அளவைக் காட்டும்.

குடலுக்குள் அனுப்பப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுவது ஒரு பழைய ஈ.கோலை வகை. முதல் உலகப் போரின்போது வயிற்றுக்கடுப்பில் சாய்ந்துகொண்டிருந்த படைவீரர்களுக்கு நடுவே நோய் தீண்டாமல் இருந்த ஒரு வீரனின் மலத்திலிருந்து ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917-இல் அதைப் பிரித்தெடுத்தார். அந்த வீரனின் பெயர் நமக்குத் தெரியாது. நிஸ்லேயின் பெயர்தான் பாக்டீரியாவுக்கு நிலைத்தது. (அறிவியலின் வரலாற்றில் குடலைக் கொடுத்தவன் ஒருவனாகவும் பெயரைப் பெற்றவர் இன்னொருவராகவும் இருப்பது இதோடு முடிகிற கதை அல்ல.) 2014-இல் ஹார்வர்டில் பமேலா சில்வரின் ஆய்வுக்கூடம், எலியின் குடலில் தான் சந்தித்த ஒரு வேதிப்பொருளை நினைவில் வைத்திருந்து, வெளியேறிய பின் அதைத் தெரிவிக்கும் பாக்டீரியாவைச் செய்துகாட்டியது. 2017-இல் அதே குழுவினர், குடல் அழற்சியின்போது தோன்றும் டெட்ராதயனேட் என்ற பொருளை மாதக்கணக்கில் காவல்காக்கும் பாக்டீரியாவை எலிக்குள் வாழவைத்தார்கள். 2018-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் பாக்டீரியாவையும் ஒளியை அளக்கும் மின்னணுச் சில்லையும் ஒரு மாத்திரைக் கூட்டுக்குள் அடைத்துப் பன்றிக்குக் கொடுத்தார்கள். பன்றியின் இரைப்பையில் இரத்தக் கசிவு இருப்பதைக் கைபேசி சொன்னது. 2023-இல் கூடு இன்னும் சிறியதாயிற்று, அழற்சியின் வேறு சில அடையாளப் பொருட்களையும் அது அறிந்தது. மனிதருக்கான அன்றாட மருத்துவத்துக்கு இவை எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. பன்றியோடு நிற்கிற ஒன்றைப் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்கு வந்துவிட்டதாக எழுதுவது இதழியலின் பழைய வியாதி.

ஆனால் எங்கள் குறை அவசரத்தைப் பற்றியதல்ல. ஒரு வேதிப்பொருளை எடுத்துக்கொள்வோம். டிரைமெதிலமைன் ஆக்ஸைடு என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ. முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள சில பொருட்களைக் குடல் பாக்டீரியாக்கள் டிரைமெதிலமைனாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. இரத்தத்தில் அது கூடியிருப்பவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசனின் குழு 2011-இல் எழுதியது. அன்றிலிருந்து இம்மூலக்கூறு குடல் ஆராய்ச்சியின் வில்லன். அதை உணரும் பொறியோ ஈ.கோலையிடம் இயற்கையிலேயே இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக அது டி.எம்.ஏ.ஓ.வைக் கொண்டு சுவாசிக்க வல்லது. ஆகவே டி.எம்.ஏ.ஓ.வுக்கு ஓர் உயிருணரி செய்வது ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய காரியம் இல்லை. பூட்டு தயாராக இருக்கிறது, அறையை மாற்றினால் போதும்.

இப்போது அந்த உணரியைக் காட்டுப்பள்ளியில் ஒரு தாய்க்குக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை பெற்று சில நாட்களே ஆனவள். எங்கள் கரைகளில் அவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பார்கள், பால் ஊறும் என்று. டி.எம்.ஏ.ஓ. கடல்மீனின் உடலில் முன்பே இருக்கிறது. உப்பு நீரின் அழுத்தத்தை அதைக்கொண்டுதான் பல மீன்கள் சமாளிக்கின்றன. சுறாவில் அது மிக அதிகம். 2017-இல் வெளிவந்த ஒரு சோதனையில் ஆரோக்கியமான 40 இளைஞர்களுக்கு மீனும் முட்டையும் மாட்டிறைச்சியும் முறைமாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் தின்ற பிறகு அவர்கள் உடலில் டி.எம்.ஏ.ஓ. மற்ற உணவுகளைவிட 46 முதல் 62 மடங்கு உயர்ந்தது. அதுவும் 15 நிமிடத்துக்குள், குடல் பாக்டீரியாவின் தயவு இல்லாமலே. மீன் இதயத்துக்கு நல்லது என்று சொல்வதும் இதே மருத்துவம்தான். இந்த முரண் இன்னும் தீர்க்கப்படவில்லை. ஆனால் உணரிக்கு முரண்கள் தெரியாது. சுறாப்புட்டு உண்ட தாயின் வயிற்றில் அது மினுங்கு மினுங்கென்று மினுங்கும். அபாயம் என்று அர்த்தப்படுத்தப்பட்ட ஓர் ஒளி, அவள் வாழ்வின் மிக ஆதாரமான உணவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இது கற்பனையான அச்சம் என்பார்கள். அளவுகோல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உலகெங்கும் பொதுவில் வைக்கப்பட்டுள்ள மனித நுண்ணுயிர்த் தொகுதி மாதிரிகளை 2022-இல் கணக்கெடுத்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவற்றில் பத்துக்கு ஏழுக்கும் மேல் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. இயல்பான குடல் என்று பாடநூல் சொல்லும்போது அது யாருடைய குடல் என்று இலக்கிய வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. உலக இலக்கியம் என்ற சொல்லோடு நாம் எத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறோம்! அதே விளையாட்டு இங்கே மலக்குடலில் நடக்கிறது.

டி.எம்.ஏ.ஓ.வைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மீன் செத்தபின் அதன் மேல் பெருகும் பாக்டீரியாக்கள் இதே டி.எம்.ஏ.ஓ.வைச் சுவாசித்து டிரைமெதிலமைனாக மாற்றுகின்றன. நாம் மீன்வாடை என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். பழவேற்காட்டில் ஏலத்தில் மீன் எடுக்கும் ஒரு பெண் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், அரை நொடியில் கூடைக்கா குப்பைக்கா என்று தீர்ப்புச் சொல்கிறாள். அங்கே நடப்பது என்ன? பாக்டீரியா ஒரு வேதிப்பொருளை உணர்ந்து இன்னொன்றாக மாற்றுகிறது. மாற்றத்தின் அளவை ஒரு பயிற்சி பெற்ற மூக்கு படிக்கிறது. முடிவு உடனே விலையாகிறது. அது உயிருணரிதான். தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்ட அளவுகோல் கொண்டது. அந்தப் பெண்ணை நம் மொழியில் எவரும் நிபுணர் என்று அழைப்பதில்லை.

இனி காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாற்றின் கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே போகப் போகப் பழவேற்காடு ஏரி. நடுவில் ஒரு மணல் மேடு. நிலவியல்படி அது ஒரு தடுப்புத் தீவு. புயல் அலையின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு பின்னாலிருக்கும் நீர்நிலையைக் காப்பது அதன் வேலை. 2010-இல் அங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. சென்னை குடிக்கிறது, மிஞ்சும் அடர்உப்புநீர் கடலுக்குத் திரும்புகிறது. பிறகு லார்சன் அண்டு டூப்ரோவின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் தன் பழைய கரையிலிருந்து பெயர்க்கப்பட்டது. 2018-இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 6,000 ஏக்கருக்கும் மேலாக அதை விரிக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டமும் நடக்கவில்லை.

கழியின் தெற்குப் பகுதியில் வடசென்னை அனல்மின் நிலையம். நிலக்கரியை எரித்த சாம்பலை நீரில் குழைத்துக் குழாய்வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் துருப்பிடித்துக் கசிந்தன. ஆண்டுக்கணக்கில் கசிந்தன. ஆற்றின் அடியில் சாம்பல் திட்டாகி, படகு தட்டும் ஆழத்துக்கு வந்தது. இறால் குஞ்சுக்குப் புதைந்துகொள்ளச் சேறு வேண்டும். சாம்பல் சிமெண்டுபோல் இறுகும். மீனவர்கள் 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வண்டலில் கன உலோகங்கள் சேர்ந்திருப்பது நிபுணர் குழு அறிக்கைகளிலேயே பதிவாகியது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் இருக்கும் என்பது உலகம் முழுவதும் அறிந்த பாலபாடம்.

அந்த வண்டலில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் யார்? எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இருளர் பெண்களும் ஆண்களும் கையால் இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. கழுத்தளவு, மார்பளவு நீரில் அமர்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். ஓலையில் முடைந்த பறி, நனைந்த பறி, மணிக்கணக்கில் பல்லுக்கிடையில். குடலுக்குள் வேதிப்பொருள் எந்த வழியாகப் போகிறது என்று ஆராய மாத்திரைக் கூடு வேண்டியதில்லை. அந்த வாயை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். குடல் நலம் பற்றி எழுதப்பட்ட அத்தனை பக்கங்களிலும் தயிரும் நார்ச்சத்தும் வருகின்றன; இந்தப் பறி வந்து நாங்கள் கண்டதில்லை.

இங்கேதான் எங்கள் வாதத்தின் மையம். குடலுக்குள் வைக்கும் உணரி தனிமனிதனின் உடலை வழக்குமன்றமாக்குகிறது. ஒளி தெரிந்தால் அவன் உணவை மாற்ற வேண்டும், மருந்து வாங்க வேண்டும், மறுபடி மாத்திரை விழுங்க வேண்டும். சாம்பலைக் கொட்டியவருக்கு அந்த ஒளியில் எந்த வேலையும் இல்லை. பாதிக்கப்பட்டவன் தன் குடலைத் திறந்து காட்டி நிரூபிக்கட்டும் என்பது ஏற்கெனவே நம் நிர்வாகத்தின் நடைமுறை. நீரில் அளவுக்குள் இருக்கிறது என்று ஒரு காகிதம் வரும்; உங்கள் நோய்க்கு இதுதான் காரணம் என்று என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி வரும். குடல் உணரி அந்தக் கேள்விக்கு இன்னும் நவீனமான ஒரு கருவியைக் கொடுக்கும். ஒளிர்ந்தால் உன் உணவு காரணம். ஒளிராவிட்டால் உனக்கு நோயே இல்லை.

நுகர்வோர் வாங்கும் உணரிக்கும் குடிமக்கள் வைக்கும் உணரிக்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதற்கு முதலீடு வரும். (அந்த முதலீடும் நிலையானதன்று. நிஸ்லே பாக்டீரியாவைப் பொறியமைத்துப் பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோய்க்கு மருந்தாக்க முயன்ற சின்லாஜிக் நிறுவனம் 2024 பிப்ரவரியில் தன் இறுதிக்கட்டச் சோதனையை நிறுத்திவிட்டது. சந்தையை நம்பி வளர்க்கப்படும் பாக்டீரியா சந்தையோடு சாகும்.)

மறுபக்கத்தாரின் வழக்குக்கு வருகிறோம். மேலே மீன்காரப் பெண்ணின் மூக்கைப் பற்றி எழுதியதைப் படித்ததும் சிலர் மகிழ்ந்திருப்பார்கள். பார்த்தீர்களா, பாரம்பரிய அறிவே போதும், ஆய்வுக்கூடம் எதற்கு என்று. மன்னிக்கவும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்களை எழுப்பியது அவர்கள் மூக்கும் எரிந்த கண்ணும்தான், வேறெந்த எச்சரிக்கையும் அல்ல. அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் ஆர்சனிக்குக்கு வாடை கிடையாது. காட்மியத்துக்கு நிறம் கிடையாது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் பாதரசம் தெரியாது. கழியைத் தன் உள்ளங்கைபோல் அறிந்தவளுக்கும் தெரியாத ஒன்று கழிக்குள் வந்துவிட்டது. அவளுடைய அறிவைப் போற்றிப் பாடிவிட்டு அவளைச் சோதனைக்கருவி இல்லாமல் விட்டுவிடுவது, மரியாதை என்ற பெயரில் செய்யும் கைவிடல். நெய்தலின் அழகைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிற நம் இலக்கியக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே உயிருணரி வேண்டும். குடலுக்கு வெளியே வேண்டும். இது புதிய கனவும் அன்று. ஆர்சனிக்கைக் கண்டால் அதை வெளியே தள்ளும் பொறி பல பாக்டீரியாக்களிடம் உண்டு. அதன் பூட்டை எடுத்து ஒளியோடு இணைத்து, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2005-இல் வியட்நாமின் செவ்வாற்றுப் படுகையிலும் மேகாங் படுகையிலும் நிலத்தடி நீரைச் சோதித்தார்கள். அதே வழிவந்த சோதனை பின்னர் வங்கதேசத்துக் கிராமங்களுக்கும் போயிற்று. உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியா ஒரு சிறு குப்பியில் இருக்கிறது. நீரை விடுகிறோம், பொறுக்கிறோம், ஒளியை அளக்கிறோம். பாதரசத்துக்கும் இதேபோன்ற பூட்டு உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை நாங்கள் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆய்வுக்கூட இயந்திரம் அமிலத்தில் கரைத்த மாதிரியில் உலோகம் மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். பாக்டீரியாவோ ஓர் உயிருக்குள் புகக்கூடிய பங்கு எவ்வளவு என்று சொல்லும், ஏனெனில் புகுந்தால்தான் அதன் பூட்டுத் திறக்கும். மண்துகளோடு இறுகிக் கிடக்கும் உலோகத்தை அது கணக்கில் எடுக்காது. சில நேரம் இது ஆலைக்குச் சாதகமாகவும் போகலாம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உப்பும் அமிலத்தன்மையும் மாறுகிற கழிமுகத்தில், நேற்று இறுகிக் கிடந்தது இன்று கரையும். மழைக்காலத்தில் பழவேற்காட்டு நீர் கிட்டத்தட்ட நன்னீர். கோடையில் சில இடங்களில் கடலைவிட உப்பு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு போத்தல் எடுத்துச் செல்கிற ஆய்வு இந்த மாற்றத்தைப் பிடிக்காது. மலிவான, அடிக்கடி செய்யக்கூடிய, கரையிலேயே செய்யக்கூடிய சோதனைதான் பிடிக்கும்.

இடறல்களும் உண்டு. ஈ.கோலைக்குக் கடலுப்பு ஒத்துவராது. மாதிரியை நீர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது உப்பைத் தாங்கும் வேறு இனத்தை எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடறல், மரபணு மாற்றிய உயிரியை வெளியே விடுவது பற்றியது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன, கட்டுப்படுத்தத்தான் வேண்டும். மூடிய குப்பிக்குள் சோதித்து, குப்பியை முறைப்படி அழிக்கும் கரைச் சோதனையில் அந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பது கடினமல்ல. குடல் உணரி அப்படியா? விழுங்கியது வெளியே வந்தே தீரும். எல்லா மலமும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாதுகாப்புக் குறிப்புகள் அவை. பக்கிங்காம் கால்வாயின் கறுத்த நீரைப் பார்த்தவர்கள் சொல்லட்டும், சென்னை விழுங்குவது எங்கே வந்து சேர்கிறது என்று. நகரத்துக் குடல்களின் கடைசிப் பகுதி எண்ணூர்க் கழிதான். உட்கொண்டவரின் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்குவார்கள். கீழே நீரில் பறியைக் கவ்விக்கொண்டு அமர்ந்திருப்பவளின் சம்மதத்தை யார் கேட்பார்கள்?

பாக்டீரியா வரும், கழியைக் காக்கும் என்று காத்திருந்த கதை நமக்குப் புதிதல்ல. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்ரவர்த்தி, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை 1970-களின் தொடக்கத்திலேயே உருவாக்கினார். உயிருக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-இல் அவர் பக்கம் தீர்ந்தது. நவீன உயிரித் தொழில்நுட்ப வணிகத்தின் அடித்தளமே அந்தத் தீர்ப்பு என்பார்கள். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியில் நின்று புறம்போக்குப் பாடலைப் பாடிய காணொளி வெளிவந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. கடலிலிருந்து அதை அள்ளியது வாளி. மாணவர்களும் மீனவர்களும் வெறுங்கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கழிக்குள் இறங்கியபோதும் படகில் ஏறி அள்ளியவர்கள் மீனவர்களே. காப்புரிமை பெற்ற உயிருக்கும் வாளிக்கும் இடையே இருந்த தூரம் 37 ஆண்டுகள், பிறகு 43 ஆண்டுகள்.

அந்தத் தூரத்தை மீண்டும் அனுமதிக்கக் கூடாதென்றால், உணரி யாருடைய கையில் இருக்கும் என்பதை உணரி வரும் முன்பே பேசிவிட வேண்டும். பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் எவர் வலை வைப்பது என்பதைத் தலைக்கட்டு வாரியாக முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. நீரை இடம் இடமாக, நாள் நாளாக அறிந்து கணக்கு வைக்கும் ஓர் அமைப்பு ஏற்கெனவே ஊரில் இயங்குகிறது என்பது இதன் பொருள். மாதிரி எடுப்பதையும் அதே போன்ற முறைக்குள் கொண்டுவரலாம் என்பது எங்கள் முன்மொழிவு. பாடு முறையை நாங்கள் புனிதப்படுத்தவில்லை. அதில் பட்டினவர் அல்லாதாருக்கு இடம் கிடையாது. சேற்றில் மிக நெருக்கமாக வாழும் இருளர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். மாதிரி எடுக்கும் முறையில் முதல் தலைக்கட்டாக அவர்கள் எண்ணப்படாவிட்டால், வெளியிலிருந்து வரும் நிபுணர் குழுவுக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஊர்ப் பெரியவர்களுக்கு இது கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறோம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை ஏற்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உயிருணரியின் ஒளியை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. ஒளி ஓர் எல்லையைத் தாண்டினால் வாரியம் இத்தனை நாளுக்குள் வந்து தன் இயந்திரத்தால் அளந்து, முடிவை ஏலம் நடக்கும் இடத்தில் தமிழில் எழுதி ஒட்டியாக வேண்டும் என்ற கடமையை மட்டும் கேட்கிறோம். இன்று அந்தக் கடமை இல்லை. அதுவே இல்லாதபோது குடலுக்குள் எத்தனை நுட்பமான ஒற்றனை அனுப்பினாலும், அவன் கொண்டுவரும் சேதியைக் கேட்கச் சபையில் ஆளிருக்காது.

இயல்பு எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒப்பிடுவதற்கான நீரைக் கிளீவ்லாந்திலிருந்து எடுக்க வேண்டாம். சாம்பல் இறங்கும் இடத்துக்கு எட்டத்தில், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு உள்ளே, மடவையும் கிழங்கானும் இன்னும் ஏறிவரும் நீரிலிருந்து அதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே, மழைக்கு முன்னும் பின்னும்.